சகாயம்மாளும் பக்கத்து வீட்டுப் பர்மாப் பெட்டியும்

ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் சகாயம்மாளும் அந்தப் பக்கம் வனஜாவும் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். அத்தனை வருஷத்தில் வனஜாவைப் பார்த்துப் பொறாமைப்பட சகாயம்மாளுக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. சகாயம்மாளின் வீட்டுக்காரர் பாஸ்கல் வெல்டர், கை வேலைக்குப் பேர் போனவர். வனஜாவின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஸ்டோர்ஸில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். வனஜா வீட்டில் சோறு வடிப்பது ஒடுக்கு விழுந்த அலுமினியப் பானையில். சகாயம்மாள் வீட்டிலோ முன்னறையில் நுழைந்ததுமே கண் கூசும். ஐந்து தட்டு இரும்பு அலமாரி நிறைய எவர்சில்வர். ஒவ்வொரு பாத்திரத்திலும் புள்ளி புள்ளியாய்ப் பேர் வெட்டியிருக்கும். சனிக்கிழமைதோறும் அத்தனையையும் இறக்கித் துடைத்து, முகம் பார்த்து, மறுபடி ஏற்றி வைப்பாள்.

1988ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, தோளில் ஜோல்னாப் பையும் கையில் டேப்ரிக்கார்டருமாக ஒரு பெண் மாடியேறி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சகாயம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பர்மாவுல இருந்து வந்தவங்க வீடு இதுதானா?"

"அவுங்க ஊடு அது. இன்னா விசயம்?"

அந்தப் பெண்ணின் பேர் ஞானகுமாரி. பாளையங்கோட்டைக்காரி, பட்டணத்தில் மானிடவியல் படிக்கிறாள். ஊர் விட்டு ஊர் வந்து இந்தப் பக்கம் குடியேறினவர்கள் கையோடு என்னென்ன சாமான் கொண்டுவந்தார்கள், அதைப் பார்க்கும்போது என்னென்ன ஞாபகம் வருகிறது என்று எழுதி டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாளாம். வனஜா வீட்டில் ஒரு பெட்டி இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெட்டி! அது சகாயம்மாளுக்குத் தெரிந்த பெட்டிதான். உருண்டையாக, ஒரு சாண் உயரத்தில், சிவப்பும் கறுப்புமாய் அரக்குப் பூசின வெற்றிலைப் பெட்டி. பூச்சு அங்கங்கே பெயர்ந்து உள்ளே பின்னின மூங்கில் பல்லிளிக்கும். அதைப் பார்க்கவா இவ்வளவு படித்த பெண் ரயிலேறி வருவாள்?

வந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதத்தில் எட்டுத் தடவை வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தால் நாலரை ரயிலுக்குத்தான் கிளம்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் ஓயாது. வனஜா இப்படிச் சிரித்து சகாயம்மாள் கேட்டதே இல்லை. வீட்டில் கிழிந்த நைலெக்ஸைக் கட்டிக்கொண்டு திரிகிறவள், அந்தப் பெண் வருகிற நாளானால் கல்யாணப் புடவையும், கன்னத்தில் பர்மாக்காரிகள் பூசுகிற மாதிரி மஞ்சள் சாந்துமாக நிற்பாள். மேல்மாடி குப்பம்மா, எதிர் வீட்டு கண்ணம்மா என்று கூட்டம் வேறு. ஒரு நாள் மீனும் வாழைத்தண்டும் போட்டு என்னவோ பர்மாக் குழம்பு வைத்தாள் வனஜா. அந்த மீன் வாசனையை இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ருசி பார்த்தார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு நாள் ஞானகுமாரியே வந்து கதவைத் தட்டினாள். தன் வீட்டைத் தேடித்தான் வந்துவிட்டாள் என்று சகாயம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரேடியோ சத்தம் டேப்புல விழுது. கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

சகாயம்மாள் ரேடியோவைக் குறைக்கவில்லை. அணைத்தே விட்டாள். அணைத்துவிட்டு, சத்தமில்லாத அந்த வீட்டில், துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் மட்டும் இன்னா ஆவடியிலயே பொறந்தவளா?" என்று அன்று சாயந்திரம் பாஸ்கலிடம் கேட்டாள். "நானும் ஊரை உட்டு வந்தவதான? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா அந்தப் பொண்ணு?"

"கோலாரு இன்னா கடல் தாண்டியா கீது? காலைல ஏறினா சாய்ந்தரம் போயிடலாம்," என்றார் பாஸ்கல், ஷூவைக் கழற்றியபடி. அதோடு விட்டிருக்கலாம். "அந்தப் பொண்ணுக்குப் பழைய சாமான் வேணும். நீ எல்லாத்தையும் புதுசாக்கிட்ட," என்று சேர்த்துச் சொன்னார்.

அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்தது. ஏனென்றால் அது நிஜம்.

சகாயம்மாள் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை, ஏழு பேர். அப்பா சவரிமுத்து பூமிக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடி இறங்கிப் பாறை உடைத்தவர். இருபது வயதில் பாஸ்கலுக்கு வாழ்க்கைப்பட்டு, மறு வருஷம் ஆவடிக்கு வந்தாள். சிமெண்டுத் தரையையும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் குழாயையும் பார்த்து அன்றைக்கு அவள் அழுதே விட்டாள், சந்தோஷத்தில். இனிமேல் ஏழைச் சாமான் எதுவும் தன் வீட்டில் இருக்கக்கூடாது என்று அப்போதே தீர்மானம் செய்துவிட்டாள். அம்மா செத்த பிறகு கோலாரிலிருந்து அவள் பங்குக்கு வந்தவை: ஒரு பித்தளைக் குடம், வெண்கலப் பானை, அப்பா சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன இரண்டடுக்குப் பித்தளைத் தூக்கு. களிம்பேறி, புளி போட்டுத் தேய்த்துக் கை தேய்ந்ததுதான் மிச்சம். எழுபத்தொன்பதில் பாத்திரக்காரன் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது மூன்றையும் போட்டுவிட்டு, முப்பது படி தண்ணீர் பிடிக்கிற எவர்சில்வர் அண்டா வாங்கினாள். குடியிருப்பு முழுக்க அதைப் பார்க்க வந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமான நாள் வேறில்லை.

மறு புதன்கிழமை, ஞானகுமாரி மாடியேறும்போதே சகாயம்மாள் மடக்கி, "சாப்டு போம்மா" என்று உள்ளே அழைத்துவிட்டாள். ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், வடை. தட்டு, டம்ளர், சொம்பு எல்லாம் புத்தம் புதிது. அந்தப் பெண் ருசித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்கம்மா. உங்க ஊர்லருந்து கொண்டுவந்த பழைய சாமான் ஏதும் இருக்கா?"

"இல்லாம? எங்கப்பா சுரங்கத்துக்கு எடுத்துனு போன தூக்கு கீது. பித்தளைத் தூக்கு. பேரு வெட்டினது." வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது.

ஞானகுமாரியின் கண் விரிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "பாக்கலாமா?"

"அது... ஊர்ல கீது. தம்பி ஊட்ல."

நோட்டு மறுபடி பைக்குள் போயிற்று. "அடுத்த வாட்டி ஊருக்குப் போனா கொண்டாங்கம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டும்போது, வனஜாவின் பெட்டியைப் பற்றி அந்தப் பெண் தானாகவே பேச ஆரம்பித்தாள். அறுபத்தைந்தில் ரங்கூனிலிருந்து கப்பலேறும்போது வனஜாவின் அம்மா மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். மூன்று நாள் கப்பலில் அதைக் கீழே வைக்கவே இல்லையாம்.

சகாயம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கப்பலாவது ஒண்ணாவது," என்றாள். "அது பாரிமுனையில பர்மா பஜார்ல வாங்கினது. உனக்குத் தெரியாதா? நீ படிச்ச பொண்ணு, வெள்ளந்தியா நம்பிக்கினு கீற."

அவளுக்கு அது எதுவுமே தெரியாது. வாய்க்கு வந்தது, அடித்துவிட்டாள்.

ஞானகுமாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அன்றைக்கு வனஜா வீட்டில் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பே கேட்கவில்லை. சகாயம்மாள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு மீதிக் குழம்பில் இன்னொரு பிடி சோறு சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாப்பாடு சாப்பாடாக இருந்தது.

மறுநாள் காலையில், குடிதண்ணீர் பிடிக்கிற முனைக் குழாயடியில் வனஜா அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். குடத்தைக்கூட வரிசையில் வைக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணாண்ட இன்னாக்கா சொன்ன நீ?"

"நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

"பஜார்ல வாங்கினதுன்னு சொல்லிக்கீற. அந்தப் பொண்ணு வந்து எம் மவ நாகவல்லி எதிர்ல கேட்டுச்சு. 'தப்பா நெனைக்காதீங்க, உண்மை எதுவோ அது போதும்'னு கேட்டுச்சு." வனஜா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பஜார்ல வாங்கினதுதான். நீ பொய் சொல்லல. உனக்கு யார் சொன்னாங்கன்னுதான் தெரியல."

சகாயம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா பொட்டி ரங்கூனாண்ட இன்சேன்ல கீதுக்கா. எங்க ஊட்டு அலமாரியில. எங்கம்மா ஊட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து ஊட்டு பர்மாக்காரிகிட்ட குடுத்து, ஆறு மாசத்துல வந்துர்றோம்னு சொல்லிட்டுதான் கப்பல் ஏறினா. ஆளுக்கு ஒரு மூட்டை. அதுல துணி எடுப்பியா, பொட்டி எடுப்பியா? எழுவத்திமூணுல நாகவல்லியை இடுப்புல வச்சிகினு பஜாருக்குப் போனேன். நம்மள மாதிரி வந்த ஒரு ஆயா, பொயப்புக்கு வழி இல்லாம, தன் சாமானை எல்லாம் பிளாட்பாரத்துல விரிச்சிருந்துது. மூடியைத் தொறந்து மோந்து பார்த்தேன். எங்கம்மா பொட்டியோட அதே வாசனை. வாங்கினு வந்துட்டேன். எம் பொண்ணு வளர்ந்து இது ஏதும்மான்னு கேக்கசொல்லோ, ஆயா கொண்டாந்ததுன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதுவே நெஜமாயிடுச்சு. நேத்து எம் பொண்ணு என்னைப் பார்த்துச்சு பாரு ஒரு பார்வை..."

குழாயடியில் மற்றவர்கள் வாளியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வனஜாவுக்கு அது தெரியவே இல்லை.

"உனக்கு இன்னாக்கா கொறை? மே மாசம் ஆனா பொட்டியைத் தூக்கினு ரயிலேறி ஊருக்குப் போற. ஸ்டேஷன்ல உன் தம்பி நின்னுகினு கீறாரு. நீ போறதை வருசா வருசம் ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது. நானா வந்து உன் ஊரைப் பொய்யின்னு சொன்னேனா?"

சொல்லிவிட்டு வெறுங்குடத்தோடு போய்விட்டாள்.

சகாயம்மாள் பிற்பாடு யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வார்த்தைகளைக் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. சந்தோஷம். 'என்னைப் பார்த்து இவள் பொறாமைப்பட்டிருக்கிறாளே!' என்ற இனிப்பு நாக்கில் தட்டியது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் வெட்கம் வந்தது. வந்தது, பிறகு போகவில்லை.

சனிக்கிழமை ஞானகுமாரி வந்து கதவைத் தட்டினாள். இனி அவள் வனஜா வீட்டுப் பக்கமே போகமாட்டாள் என்று சகாயம்மாள் நினைத்திருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது.

"அம்மா, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கொண்டுவந்த சாமானைப் பத்திரமா வச்சிருக்கவங்க நெறைய பேர். தொலைச்ச சாமானை வேற ஒருத்தர்கிட்ட வாங்கி, அதுக்குத் தன் அம்மா கதையைக் குடுத்து வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம். வனஜாம்மாவைப் பத்தி இன்னும் ரொம்ப எழுதணும். இன்னும் ரெண்டு மூணு தடவை வரணும்."

சகாயம்மாள் கையில் துடைப்புத் துணியோடு நின்றாள். இதென்ன அநியாயம்! கப்பலில் வந்தால் அதற்கும் எழுதுகிறாள். பஜாரில் வாங்கினால் அதற்கு இன்னும் கூடுதலாக எழுதுகிறாள். பொய் சொன்னவளுக்கா இவ்வளவு மரியாதை?

"நானும் பொய்தான் சொன்னேன்," என்றாள் பட்டென்று.

"என்னம்மா?"

"எங்கப்பா தூக்கு தம்பி ஊட்ல இல்ல. எங்கயும் இல்ல. பாத்திரக்காரன்கிட்ட நானே போட்டுட்டேன். தோ நிக்குது பாரு அண்டா, அதுக்கு."

மனசு திருந்தி ஒத்துக்கொண்டதல்ல அது. வனஜாவுக்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும் என்ற ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு வாயை மூட முடியவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது தூக்கின் மேலடுக்கில் ஒரு வாய்ச் சோறு மீதி வைத்திருப்பார். பூமிக்கடியில் போய்வந்த அந்தச் சோற்றுக்கு ஐந்து பிள்ளைகளும் அடித்துக்கொள்வார்கள். பெண்களில் கடைசி என்று சகாயம்மாளுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைக்கும். ஆறிப்போய், கொஞ்சம் வெடிமருந்து வாடை அடிக்கும். பாத்திரக்காரன் அந்தத் தூக்கைத் தராசில் வைப்பதற்கு முன்னால், இடம் அடைக்கிறது என்று கல்லால் ஒரு போடு போட்டு நசுக்கினான். மூடியில் வெட்டியிருந்த 'ம. சவரிமுத்து' மடங்கிப் போயிற்று. அப்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒன்பது வருஷம் கழித்து இப்போது, யாரோ ஒரு பெண்ணின் முன்னால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

டேப்ரிக்கார்டர் எப்போது ஓட ஆரம்பித்தது என்று அவள் கவனிக்கவில்லை. ஞானகுமாரி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது யாரும்மா, வேம்புலியம்மாள்?"

"அது என் மூத்தவன் ஞானஸ்நானத்துக்கு வச்சது. கீழ் ஊட்ல இருந்தா. புருசன் ரிட்டையர் ஆகி செங்கல்பட்டு பக்கம் பூட்டாங்க. இப்ப இருக்காளோ இல்லியோ."

"இது?"

"அது ரகுநாதன் பொண்டாட்டி. விருதுநகர்க்காரி. எனக்குச் சேவை புழிய சொல்லிக் குடுத்தா."

அறுபத்து மூன்று பாத்திரம். எந்த ஊரிலிருந்து வந்து, எத்தனை வருஷம் இருந்து, எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு பேருக்கும் சொல்லவேண்டியிருந்தது. சிலருடைய முகம்கூட மறந்துவிட்டது, பேரை விரலால் தடவின பிறகு வந்தது. நாலரை ரயில் போய், ஆறேகால் ரயிலும் போயிற்று. அலமாரி காலியாகித் தரை முழுக்கப் பாத்திரமாக இருந்த நேரத்தில் பாஸ்கல் வந்து, வீட்டைக் காலி செய்கிறார்களோ என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

வனஜா பேசவில்லை. சகாயம்மாளும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்து இரண்டு தடவை கேக் கொண்டுபோனாள், கிறிஸ்துமஸுக்கு. இரண்டு தடவையும் நாகவல்லிதான் வாங்கிக்கொண்டாள். ஒரே சுவர், மூன்று வருஷம்.

தொண்ணூற்றொன்றில் கோலாரில் தம்பி டேவிட் வேலையை விட்டான். சுரங்கத்தில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. லைன் வீட்டை ஒப்படைத்துவிட்டு, பெங்களூரில் ஒண்டுக் குடித்தனம் போய்விட்டான். 'அக்கா, வந்தா தங்க எடம் இல்ல, கோவிச்சிக்காத' என்று எழுதியிருந்தான். அந்த மே மாதம் சகாயம்மாள் எங்கேயும் போகவில்லை. பதினைந்தாம் தேதி மத்தியானம், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வனஜா.

"இன்னாக்கா, ஊருக்குப் போவல?"

"ஊரு இல்ல வனஜா."

வனஜா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "மொதல் வருசம்தான் கஷ்டமா கீது. அப்பால பழகிடாது, ஆனா சோறு எறங்கும்," என்றாள். சகாயம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் அந்தப் பொண்ணாண்ட சும்மாதான்டி அடிச்சு உட்டேன். பஜாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்று அன்றைக்குத்தான் சொன்னாள். வனஜா வாயைப் பிளந்தாள். பிறகு, "பாவி," என்று அவள் தொடையில் நங்கென்று குத்தினாள்.

தொண்ணூற்று மூன்றில் ஞானகுமாரிக்குப் பட்டம் கிடைத்து, பைண்டு செய்த புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. வனஜா விலாசத்துக்கு வந்தது. அதுவே சகாயம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீஷில் இருந்ததை நாகவல்லி படித்துப் படித்துச் சொன்னாள். வனஜாவுக்குப் பதினேழு பக்கம், போட்டோ. சகாயம்மாளுக்குப் பதினொன்று, போட்டோ இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஆராய்ச்சி வழக்கப்படி எல்லாருடைய பேரையும் மாற்றி எழுதியிருப்பதாக நாகவல்லி சொன்னதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னான்னு வச்சிக்கீறா எனக்கு?"

"மேரின்னு, ஆன்ட்டி."

"அறுவத்திமூணு ஏனத்துல பேரைப் படிச்சிட்டுப் போனவ, எம் பேரைப் போடலியா?"

"எனக்கு லீலாவாம்," என்றாள் வனஜா. "அது எங்க மாமியார் பேரு அக்கா!" இருவரும் சேர்ந்து ஞானகுமாரியை அன்றைக்குத் திட்டின திட்டில் நாகவல்லி புத்தகத்தை மூடிவிட்டாள்.

பாஸ்கல் ஓய்வு பெற்று, அம்பத்தூரில் மேனாம்பேட்டுப் பக்கம் அரை கிரவுண்டில் இரண்டு அறை கட்டி அவர்கள் குடிபோனார்கள். அதற்கு அடுத்த வருஷம், தொண்ணூற்றேழு தையில், வனஜா திருவேற்காட்டில் புதுமனை புகுந்தாள். சகாயம்மாள் பாஸ்கலோடு ஷேர் வேனில் போய் இறங்கினாள். மாடிப்படி வெளியே வைத்துக் கட்டிய வீடு. பின்னால் தென்னங்கன்று வைக்க இடம். சமையலறையில் கறுப்புக் கல் பதித்த மேடை. வனஜா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டினாள்.

"குடிச்சிப் பாருக்கா. நாப்பது அடியிலயே வந்துச்சு. இளநி மாதிரி கீது."

சகாயம்மாள் குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரியேதான் இருந்தது. மேனாம்பேட்டில் அவள் வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

"நல்லா கீதுடி," என்றாள். பந்தியில் வனஜாவே வந்து பாயசம் ஊற்றினாள். எரிகிற வயிற்றுக்கு அது இதமாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.